காத்தைத் திருத்த சபை கருத்துக் கேட்டால் என்ன சொல்லுறது? யாழ்ப்பாணத்து ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

மார்கழி, தை வந்தா யாழ்ப்பாணத்துக் காத்து பழுது எண்டு செய்தியில சொல்லுவினம், ரெண்டு கிழமை எல்லாரும் மாஸ்க் போடுறதைப் பற்றிக் கதைப்பம், பேந்து அந்தக் கதை அப்பிடியே போயிடும். காத்தைத் திருத்த உள்ளூரில என்ன செய்யலாம் எண்டு சபையோ கச்சேரியோ (மாவட்டச் செயலகம்) கருத்துக் கேட்டால் மட்டும் "எனக்கு உது விளங்காது", "சொல்லி என்ன வரப்போகுது" எண்டு விட்டிடுறம். விடக்கூடாது எண்டது தான் என்ர எண்ணம். அதுக்காக ஆக்கள் திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்வியளை ஒண்டாச் சேர்த்து பதில் எழுதியிருக்கிறன்.

கேள்வி: கருத்துக் கேக்கிறது எண்டா வாக்கெடுப்புப் போலவோ?

இல்லை. ஓம் எண்டவை எத்தினை பேர், வேண்டாம் எண்டவை எத்தினை பேர் எண்டு எண்ணிப் பாக்கிற விசயம் இல்லை இது. சபை ஒரு வேலை செய்ய யோசிக்குது, குப்பை எடுக்கிற முறையை மாத்தப் போகுது, ரவுணுக்குள்ள பாரவாகனம் வாற நேரத்தை மாத்தப் போகுது எண்டு வைப்பம், அதை முடிவாக்க முதல் அந்த இடத்தில சீவிக்கிற சனத்தைக் கேட்டு, கேட்டதை வைச்சு திட்டத்தைத் திருத்தோணும், அவ்வளவு தான். அதால தான் நூறு பேர் ஒரே கடுதாசியில கையெழுத்து வைச்சுக் குடுக்கிறதை விட, பத்துப் பேர் தங்கட ஒழுங்கையில நடக்கிறதை தனித்தனியா எழுதிக் குடுத்தால் அது கூட வேலை செய்யும்.

கேள்வி: எங்கட ஊரில பெரிய பக்டரி ஒண்டும் இல்லையே, காத்தில அப்பிடி என்ன பழுது?

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல நிண்டுபோச்சு, அதுக்குப் பிறகு புகைக்குழாய் எண்டு கை நீட்டிக் காட்ட பெரிசா ஒண்டும் இல்லைத் தான். ஆனா எங்கட புகை ஒரு இடத்தில இருந்து வாறேல்லை, ஆயிரம் இடத்தில இருந்து கொஞ்சம் கொஞ்சமா வருது. காலமையும் பொழுதுபடேக்கையும் வளவு கூட்டிக் கொளுத்திற சருகு, அதுக்குள்ள கலந்து போற பொலித்தீனும் ரயரும், கறுப்புப் புகை தள்ளுற பழைய டீசல் வாகனம், படங்கு மூடாமல் மணலும் கிரவலும் ஏத்திக்கொண்டு ஓடுற டிப்பர், வெயில் காலத்தில வலிகாமத்துச் செம்மண் தூசு, கரண்ட் போனால் கடை வாசலில போடுற ஜெனரேற்றர், குசினிக்குள்ள விறகடுப்பு. 2022இல காஸ் தட்டுப்பாடு வரேக்க விறகுக்குத் திரும்பின வீடுகள் கன.

இதில இன்னொண்டு இருக்கு. விடியப்பறம் நிலத்துக்குக் கிட்டவா குளிர் காத்து அசையாமல் நிக்கும், அந்த நேரம் கொளுத்தினால் புகை மேல எழும்பாது, எங்கட மூக்கு உயரத்திலேயே நிண்டு பரவும். பள்ளிக்கூடம் போற பிள்ளையள் சைக்கிள் மிதிக்கிறதும் அந்த நேரம் தான். ஒரு நாளில ஆகக் கூடாத நேரத்தை தெரிஞ்செடுத்துத் தான் நாங்கள் நெருப்பு வைக்கிறம்.

கேள்வி: உதெல்லாம் இந்தியாவில இருந்து வாற தூசு எண்டு சொல்லுகினமே, அதுக்கு எங்கட பிரதேச சபை என்ன செய்யேலும்?

எந்தக் கூட்டத்திலயும் முதல் வாற கேள்வி இது தான், கனபேர் இதோட கதையை முடிச்சும் விடுவினம். வாறது உண்மை. சோழகம் வீசுற மாசங்களில தென்மேற்கால, கடல் பக்கத்தில இருந்து காத்து வரும், ஓரளவு துப்பரவா இருக்கும். வாடை தொடங்கினால் வடக்கு வடகிழக்கால வரும், வரேக்க இந்தியப் பெருநிலத்தின்ர மாசையும் கொண்டு வரும். 2022 மார்கழியில வங்காள விரிகுடாவில புயல் நிண்ட நேரம் நாடு முழுக்க காத்து பழுதாகி 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களை மூடினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை எந்தத் தவிசாளராலயும் மறிக்கேலாது.

ஆனா யோசிச்சுப் பாருங்கோ, வெளியில இருந்து ஏற்கனவே கூடுதலா வந்து நிக்கிற நாளில நாங்களும் சேர்த்து எரிச்சால் என்ன நடக்கும்? தொய்வு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு முதல் பாதி எங்க இருந்து வந்தது, மிச்சப் பாதி எங்க இருந்து வந்தது எண்டு கணக்கில்லை, மொத்தமாத் தான் நெஞ்சுக்குள்ள போகுது. வாற பங்கு எங்கட கையில இல்லை எண்டதுக்காக எங்கட பங்கை விட ஏலுமோ? என்னைக் கேட்டால் சபையிட்ட வைக்கவேண்டிய முதல் கோரிக்கையே இது தான்: காத்து பழுதெண்டு அறிவிக்கிற நாளுக்கு ஒரு தனி ஏற்பாடு வேணும். அண்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் கொளுத்தக் கூடாது எண்டு ஒலிபெருக்கியில சொல்லோணும், பள்ளிக்கூட மைதானத்தில விளையாட்டுப் பயிற்சி நிக்கோணும், றோட்டுக் கூட்டுறவைக்கு நல்ல மாஸ்க் குடுக்கோணும், கட்டட வேலை நடக்கிற இடத்தில தண்ணி தெளிக்கோணும். இதுக்கெல்லாம் கோடிக்கணக்கில காசு வேண்டாம், ஆர் எப்ப அறிவிக்கிறது எண்டு முதலே எழுதி வைச்சால் போதும்.

கேள்வி: பி.எம் 2.5, ஏ.கியூ.ஐ எண்டு கதைக்கினம். அது விளங்காமல் கருத்துச் சொல்லலாமோ?

தாராளமாச் சொல்லலாம். கூட்டத்தில ஆரும் இலக்கத்தைச் சொல்லி வாயை அடைக்காமல் இருக்கிறதுக்கு மட்டும் கொஞ்சம் தெரிஞ்சு வைச்சிருங்கோ. பி.எம் 2.5 எண்டா ஒரு மீற்றரை பத்து லட்சம் துண்டாக்கினால் வாற அளவில இரண்டரைக்குள்ள இருக்கிற நுண்துகள், தலைமயிரின்ர தடிப்பில இருபதில ஒரு பங்குக்கும் குறைவு, அதால நுரையீரலின்ர அடி வரைக்கும் போய் ரத்தத்திலயும் கலக்கும். ஏ.கியூ.ஐ எண்டது அந்த அளவுகளைச் சனத்துக்கு விளங்கிற மாதிரி ஒரு இலக்கமாக்கினது. 100 தாண்டினால் தொய்வுக்காரர், சின்னப் பிள்ளையள், வயசு போன ஆக்கள், வயித்தில பிள்ளையோட இருக்கிறவை கவனம், 150 தாண்டினால் எல்லாருக்கும் கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் யாழ்ப்பாணத்திலயும் கருவி வைச்சு அளக்குது, போனிலயே பாக்கலாம்.

"சட்டம் சொல்லுற வரம்புக்குள்ள தானே இருக்குது" எண்டு ஆரும் சொன்னால் ஒண்டு கேளுங்கோ. எங்கட நாட்டு நியமம் 2008இல திருத்தினது, பி.எம் 2.5க்கு ஒரு கன மீற்றர் காத்தில வருசச் சராசரி 25 மைக்ரோகிராம், 24 மணித்தியாலத்துக்கு 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல சொன்னது வருசத்துக்கு 5, 24 மணித்தியாலத்துக்கு 15. இடைவெளி எவ்வளவு எண்டு பாருங்கோ. நாட்டு வரம்புக்குள்ள நிண்டிட்டுது எண்டதால நெஞ்சுக்குப் பாதிப்பில்லை எண்டு வராது.

கேள்வி: ஆரிட்ட குடுக்கிறது? மாநகர சபையோ, கச்சேரியோ, சுற்றாடல் அதிகாரசபையோ?

விசயத்தைப் பொறுத்தது. யாழ் மாவட்டத்தில 17 உள்ளூராட்சி சபையள் இருக்கு: ஒரு மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை எண்டு மூண்டு நகர சபை, மிச்சம் 13ம் பிரதேச சபை. குப்பை, உள்வீதித் தூசு, சந்தை, மயானம் உங்கட சபையின்ர வேலை. சின்ன ஆலைகளுக்கு சுற்றாடல் உரிமம் குடுக்கிற வேலையில ஒரு பகுதியும் சபையளிட்டத் தான் விட்டிருக்கு. பெரிய தொழில் எண்டால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை. புகையால சுகக்கேடு எண்டால் பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.

பெரிய திட்டம் ஒண்டு வந்தால் கதை வேற. 1980ஆம் ஆண்டு தேசிய சுற்றாடல் சட்டத்துக்குக் கீழ சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை செய்யவேண்டிய திட்டம் எண்டால் அதை பொதுமக்கள் பார்வைக்கு வைச்சு 30 நாள் கருத்துக் கேக்கோணும், அது சட்டம், ஒருத்தர் போடுற பிச்சை இல்லை. அந்த அறிவித்தல் பேப்பரில வரும், ஆனா ஆர் இப்ப பேப்பரில அறிவித்தல் பக்கம் பாக்கினம்? ஒவ்வொரு சனசமூக நிலையத்திலயும் ஒரு ஆளாவது அந்தப் பக்கத்தைப் பாத்து படம் எடுத்து ஊர் வட்ஸ்அப் குறூப்பில போடுறதை ஒரு கடமையா எடுத்தால் அரைவாசிப் பிரச்சினை முடிஞ்சுது.

கேள்வி: வளவுக் குப்பையை என்ர காணிக்குள்ள தானே கொளுத்திறன், அதில ஆர் தலையிடுறது?

காணி உங்கட, புகை வேலிக்குள்ள நிக்காது. 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி வந்த வர்த்தமானியின்படி பிளாஸ்ரிக் உட்பட குப்பையை வெளியில திறந்த இடத்தில எரிக்கிறது நாடு முழுக்கத் தடை. கனபேருக்கு இது தெரியாது, தெரிஞ்சவையும் கணக்கெடுக்கிறேல்லை.

ஆனா கருத்துச் சொல்லேக்க "கொளுத்திறவையைப் பிடியுங்கோ" எண்டு மட்டும் எழுதினால் நியாயம் இல்லை. ஏன் கொளுத்துகினம்? குப்பை எடுக்கக் கிழமைக்கு ஒருக்கா வரவேண்டிய உழவு மெசின் வாறேல்லை, வந்தாலும் மெயின் றோட்டோட போயிடும், உள் ஒழுங்கைக்குள்ள இருக்கிற தனிச்ச அம்மா ஒருத்தி அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கிறது? எந்த ஒழுங்கைக்கு எந்த நாள் வாறேல்லை எண்டதை எழுதுங்கோ. சருகையும் குழையையும் சபை எடுக்கத் தேவையே இல்லை, எங்கட தோட்டக்காரர் பூவரசங்குழையும் பனையோலையும் தாட்டுப் பசளையாக்கின மண் இது. வட்டாரத்துக்கு ஒரு இடத்தில சருகு சேர்த்து கூட்டெரு போட சபை இடம் ஒதுக்கட்டும், தோட்டக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவினம். உரம் என்ன விலை வித்தது எண்டு அவைக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

கேள்வி: சபை குப்பை கொட்டுற இடமே எரிஞ்சால்?

யாழ் மாநகர சபை குப்பை கொட்டுற கல்லுண்டாய்ப் பக்கம் போற வாற ஆக்களுக்கு அந்த மணமும் புகையும் புதுசில்லை. குப்பைமேட்டில தீ எண்ட செய்தி திரும்பத் திரும்ப வந்திருக்கு. சனத்துக்குச் சொல்லுறதை முதல் சபை தான் செய்து காட்டோணும், இதில எனக்கு ரெண்டாம் கதை இல்லை. தரம் பிரிக்காமல் கொட்டினால் அடியில வாயு சேரும், வெயிலுக்கு ஒரு பொறி போதும், அடியில பத்தினால் நாள்க்கணக்கா அணையாது. பிரிச்சு எடுக்கிறது எப்ப தொடங்கும், தீ பிடிச்சால் மண் போட்டு மூட என்ன ஆயத்தம், அந்தப் பக்கத்துக் குடிமனைக்கு ஆர் தகவல் சொல்லுறது எண்டு திகதியோட பதில் கேளுங்கோ.

கேள்வி: நான் விறகுப் போறணை பேக்கரி வைச்சிருக்கிறன், என்ர மச்சான் புகையிலையைப் புகை போட்டுப் பதப்படுத்திற குடில் போடுறவர், தம்பி ஓட்டோ. உந்தத் திட்டத்தால எங்கட பிழைப்புப் போகாதோ?

அந்தப் பயத்தோடயே கூட்டத்துக்குப் போங்கோ. போகாமல் வீட்டில இருந்தால் உங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் முடிவெடுப்பினம். லண்டனில நடந்ததைச் சொல்லுறன், எங்கட வீடுகளில பாதிப் பேருக்கு அங்க சொந்தக்காரர் இருக்கினம், கேட்டால் அவையும் சொல்லுவினம். புகை கூடின பழைய வாகனத்துக்கு நாளுக்கு 12.50 பவுண் கட்டணம் எடுக்கிற வலயத்தை நகரம் முழுக்க விரிக்க 2022இல கருத்துக் கேட்டவை. 57,000க்கு மேல பதில் போனது, பாதிக்கு மேல எதிர்ப்பு. எண்டாலும் 2023 ஓகஸ்ட் 29இல இருந்து நடைமுறைக்கு வந்திட்டுது. அப்ப சொன்னது வீணோ? இல்லை, பழைய வாகனத்தைக் கைவிடுறவைக்கு 110 மில்லியன் பவுண் உதவித் திட்டம் வந்தது, மாற்றுத்திறனாளியளுக்கு சலுகைக் காலம் நீண்டது. திட்டம் நிக்கேல்லை, ஆனா ஏலாதவையின்ர தோளில விழுற பாரம் குறைஞ்சுது.

எங்களுக்கும் அது தான் வழி. "எங்களை விடுங்கோ" எண்டு எழுதாதேங்கோ. "போறணையை மாத்த இவ்வளவு காசு முடியும், எனக்கு ரெண்டு வருச அவகாசமும் குறைஞ்ச வட்டிக் கடனும் வேணும், அதுவரைக்கும் புகைக்கூட்டை உயர்த்தித் தாறன், ஈர விறகு பாவிக்க மாட்டன்" எண்டு எழுதுங்கோ. குடிலுக்கு பொச்சுமட்டைப் புகை இல்லாமல் சரிவராது எண்டால் அதையும் சொல்லி, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட எந்த நேரம் போடாமல் விடலாம் எண்டு சொல்லுங்கோ. தொழில் தெரிஞ்ச ஆள் சொல்லுற வழியை அதிகாரியாலயும் தட்டிக்கழிக்கிறது கஷ்டம்.

கேள்வி: முடிவை எடுத்துப்போட்டுத் தான் கூப்பிடுகினம். பேந்தேன் போவான்?

இந்தக் கோபம் நியாயமானது, கன கூட்டம் அப்பிடித் தான் நடக்குது. இங்கிலாந்தில 1985இல ஒரு வழக்கில இதுக்கு நாலு அளவுகோல் வைச்சவை, இண்டைக்கும் அங்க நீதிமன்றங்கள் அதை வைச்சுத் தான் பாக்குது: திட்டம் இன்னும் உருவாகிற நிலையில இருக்கேக்க கேக்கோணும், சனம் யோசிச்சுப் பதில் சொல்லுற அளவுக்கு காரணத்தையும் தகவலையும் குடுக்கோணும், போதிய நேரம் விடோணும், சொன்னதை மனச்சாட்சியோட கணக்கில எடுத்துத் தான் முடிவெடுக்கோணும். எங்கட நாட்டுச் சட்டம் இல்லை இது, ஆனா கூட்டத்தில எழும்பி இந்த நாலையும் கேக்கிறதுக்கு உங்களை ஆர் மறிக்கிறது? "இது வரைபோ, முடிவோ? எந்தப் பகுதியை இன்னும் மாத்தலாம்?" எண்டு முதல் கேள்வியாக் கேளுங்கோ, கேட்டதைக் கூட்டக் குறிப்பில பதியச் சொல்லுங்கோ.

கூட்டம் வைக்கிற நேரமும் ஒரு பிரச்சினை. வேலை நாள், காலமை 10 மணி, செயலகத்தில எண்டால் ஆர் வருவினம்? ஓய்வூதியக்காரரும் சங்கத் தலைவர்மாரும் தான். கூலி வேலைக்குப் போறவை, மீன் சந்தையில நிக்கிற பெண்கள், ஓட்டோக்காரர், முக்கியமா விடியப்பறம் றோட்டுக் கூட்டுற சுகாதாரத் தொழிலாளர் வரமாட்டினம். ஊரில ஆகக் கூடத் தூசு குடிக்கிறது அவை தான், ஒருத்தரும் அவையைக் கேக்கிறேல்லை. மயானப் புகை கதையும் இப்பிடித் தான். புத்தூர் மேற்கு கலைமதி கிராமத்துச் சனம் குடிமனைக்கு நடுவில இருக்கிற மயானத்தை எதிர்த்து றோட்டில குந்தியிருந்து போராடின பிறகு தான் வெளியில தெரிஞ்சது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, வட்டாரத்துக்குள்ள, எல்லாச் சாதிச் சனமும் கூச்சமில்லாமல் வந்து இருக்கக்கூடிய இடத்தில கூட்டம் வைக்கச் சொல்லிக் கேளுங்கோ. இடத்தைத் தெரிவு செய்யேக்கயே பாதிப்பேரை வெளியில விட்டிடலாம், எங்கட ஊரில இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கேள்வி: கடுதாசி எழுதத் தெரியாது, என்னத்தை எப்பிடி எழுதுறது?

இடம், நேரம், எவ்வளவு காலமா, ஆருக்குப் பாதிப்பு, என்ன செய்யலாம். இவ்வளவும் இருந்தால் போதும். இப்பிடி வைச்சுக்கொள்ளுங்கோ:

"எங்கட ஒழுங்கை முடக்கில கடைக்குப் பின்னால ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிபோல பொலித்தீனும் மட்டைப் பெட்டியும் எரிக்கினம். மூண்டு வீட்டில சின்னப் பிள்ளையள், ஒரு வீட்டில தொய்வுக்கார ஐயா. அந்தப் பக்கம் குப்பை எடுக்க மெசின் வாறேல்லை. கடைகளுக்கு பின்னேரத்தில ஒரு தரம் மட்டை சேகரிக்க வந்தால் எரிக்கவேண்டி வராது. பதிலை எழுத்தில தரவும்."

இது ஒரு பக்க அறிக்கையை விட நல்லது. ஏலுமெண்டால் போனில படம் எடுத்து திகதியோட வையுங்கோ. ஆஸ்பத்திரி வீதியில பஸ் ஸ்ராண்ட் பக்கம் எஞ்சினை நிப்பாட்டாமல் நிக்கிற பஸ்ஸுகள் எண்டால், அதுக்குப் பக்கத்தில தான் போதனா வைத்தியசாலை, நெஞ்சு வருத்தக்காரர் அந்தப் புகைக்குள்ளால தான் கிளினிக்குக்குப் போகினம் எண்டதையும் ஒரு வரி எழுதுங்கோ. ஒரு பிரதியை நீங்கள் வைச்சிருங்கோ, மற்றதில சபையின்ர முத்திரையும் திகதியும் வாங்குங்கோ. முத்திரை இல்லாத கடுதாசி குடுக்காத கடுதாசி மாதிரித் தான்.

கேள்வி: பேர் போட்டால் பக்கத்து வீட்டோட பகை வருமே?

வரலாம், ஊருக்குள்ள ஒரு முகம் பாத்துத் தான் சீவிக்கோணும். திட்டத்துக்குக் கருத்துச் சொல்லேக்க ஆளின்ர பேர் தேவையில்லை, இடமும் நேரமும் போதும். தனி ஆளாக் குடுக்கப் பயம் எண்டால் மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் சபை, பங்கு மக்கள் எண்டு ஒண்டுக்குள்ளால குடுங்கோ. உங்கட வீட்டுக் குப்பையை எரிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு பக்கத்து வீட்டு அக்காவோட கதைச்சுப் பாருங்கோ, அது கடுதாசியை விடக் கெதியா வேலை செய்யிறதும் உண்டு.

கேள்வி: தமிழில குடுக்கலாமோ?

ஓம். வடக்கில தமிழ் நிர்வாக மொழி, பதிலும் தமிழில தான் வரோணும். திட்ட வரைபு இங்கிலிசில மட்டும் இருந்தால் தமிழில தரும்வரைக்கும் கருத்துக் கேக்கிற திகதியைத் தள்ளச் சொல்லுங்கோ.

கேள்வி: குடுத்து மாசக்கணக்கு, ஒரு பதிலும் இல்லை. இனி?

2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. ஒவ்வொரு சபையிலயும் ஒரு தகவல் அலுவலர் இருப்பார், அவரிட்ட எழுத்தில கேளுங்கோ: எத்தினை கருத்து வந்தது, எதை ஏற்றவை, எதை ஏன் விட்டவை, காத்துக்கெண்டு இந்த வருசப் பாதீட்டில எவ்வளவு ஒதுக்கினது. 14 வேலை நாளுக்குள்ள தருவமோ மாட்டமோ எண்டு முடிவு சொல்லோணும். சொல்லாட்டி குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்கும் மேல ஆணைக்குழு. ஏன் கேக்கிறீர் எண்டு உங்களிட்ட காரணம் கேக்கேலாது.

ஒரு இடத்துப் புகை தாங்கேலாமல் இருக்குது எண்டால் திட்டம் வரும்வரைக்கும் பாத்திருக்கத் தேவையில்லை. பி.எச்.ஐயிட்ட முறையிடலாம், பொதுத் தொல்லை எண்டு குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில நீதவானிட்டப் போகலாம். சுன்னாகத்தில கிணத்துத் தண்ணியில எண்ணெய் கலந்த வழக்கில 2019 சித்திரையில உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட சனத்துக்கு ரெண்டு கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொன்னது. அந்த வழக்கில தண்ணியைச் சோதிச்ச அறிக்கையள் இருந்தது. காத்துக்கு நாங்கள் இப்ப வைச்சிருக்கிற எழுத்துப் பதிவுகள் தான் நாளைக்கு அந்த இடத்தில நிக்கும்.

கேள்வி: பள்ளிக்கூடப் பிள்ளையள் கருத்துக் குடுக்கலாமோ?

குடுக்க வைக்கோணும். லண்டனில 2013இல தொய்வு வந்து செத்துப்போன 9 வயசுப் பிள்ளையின்ர மரணத்துக்கு காத்து மாசும் ஒரு காரணம் எண்டு 2020 மார்கழியில மரண விசாரணையில எழுதினவை, அதுக்காக அந்தத் தாய் எத்தினையோ வருசம் அலைஞ்சவ. எங்கட பிள்ளையளிட்டக் கேளுங்கோ, ரியூசனுக்குப் போற வழியில எந்தச் சந்தியில மூக்கைப் பொத்துறவை எண்டு. ஒரு வகுப்பு சேர்ந்து ஒரு கிழமை அதைக் குறிச்சு, ஊர் வரைபடத்தில புள்ளி போட்டுக் குடுத்தால், அந்தப் படத்தை வைச்சு எங்கெங்க அளக்கிற கருவி பூட்டோணும் எண்டு சபைக்குச் சொல்லலாம். அதிபரிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டு அடுத்த தவணையே தொடங்கலாம்.